மரை ஸ்பிண்டில் லேத்தில் சக் கழற்ற மோட்டாரை ரிவர்ஸில் ஓட்டலாமா?

புதுவயல்_லேத்

எல்லாருக்கும் வணக்கம். எங்க பட்டறைக்கு வர்றது முக்கால்வாசி ரைஸ் மில் வேலைதான். எலிவேட்டர் புல்லி, ரோலர் ஷாஃப்ட், பேரிங் சீட் தேஞ்ச ஷாஃப்ட்டுன்னு வரும். இதுவரைக்கும் எட்டு இஞ்ச் த்ரீ ஜா சக்கிலேயே (பொருளை மூணு தாடையால கடிச்சுப் பிடிக்கிற வட்டு) ஓட்டிட்டோம். இப்ப மில்லுக்காரங்க வார்ப்பு பேரிங் ஹவுசிங் கொண்டுவர ஆரம்பிச்சிருக்காங்க. கோணல்மாணலான வார்ப்பு, நாலு தாடையும் தனித்தனியா நகர்ற ஃபோர் ஜா இல்லாம பிடிக்க வழியில்லை. மிஷினோட வந்த பன்னெண்டு இஞ்ச் ஃபோர் ஜா ஒண்ணு மூலையில கிடக்கு.

லேத் பழசு, பெல்ட் டிரைவ். சக்கைச் சுத்துற தண்டான ஸ்பிண்டில் மூக்குல மரை, சக் அதுல ஏறி உட்காருது. த்ரீ ஜாவை மாட்டி வருஷக்கணக்காச்சு, இப்ப அசையவே மாட்டேங்குது.

பக்கத்துப் பட்டறையில ஒரு வழி சொன்னாங்க. ஜாவுக்கு அடியில கட்டையைக் கொடு, மோட்டாரை ரிவர்ஸ்ல ஒரு தட்டு தட்டு, லூஸ் ஆயிடும், விழாம இருக்க பையனைக் கீழே கையைக் கொடுத்துத் தாங்கச் சொல்லுன்னாங்க. பையன் இப்பதான் தொழில் பழக வந்திருக்கான். அவன் கையை அதுக்கு அடியில வைக்க எனக்கு மனசு வரல. நீங்கள்லாம் எப்படிக் கழட்டுறீங்க?

தேவகோட்டை_மேஸ்திரி

தம்பி, ரிவர்ஸ் தட்டுறது நம்ம பக்கம் எல்லாப் பட்டறையிலும் நடக்கிறதுதான். நான் தொழில் பழகின இடத்துலயும் அப்படித்தான் கழட்டுவாக. அதுக்குக் காரணம் உண்டு. இன்னொரு வழி, பேக் கியரை (வேகம் குறைக்கிற பல்சக்கரத்தை) போட்டு ஸ்பிண்டிலைப் பூட்டிட்டு, ஜாவுல சம்மட்டியால அடிக்கிறது. அப்படி அடிச்சு, ஸ்பிண்டில் மேல இருக்கிற பெரிய பல்சக்கரமான புல் கியர்ல பல் போன லேத்தை நான் நிறையப் பார்த்திருக்கேன். வார்ப்புப் பல்லு அதிர்ச்சி தாங்காது. ஒரு பல் போச்சுன்னா பழைய மிஷினுக்கு அந்தக் கியரைத் தேடி அலையணும்.

அதனால ரிவர்ஸே மேல்னு நான் சொல்வேன். ஆனா பையன் கை அடியில போகக் கூடாது. அதுல நான் உன் பக்கம்.

ஐடிஐ_டர்னர்_பயிற்றுநர்

மேஸ்திரி ஐயா பேக் கியரைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. பேக் கியரால் பூட்டிவிட்டுச் சம்மட்டி தூக்கவே கூடாது. ஆனால் அதற்கு மாற்று மோட்டார் இல்லை. ஏன் என்பதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் வெளியில் இந்த ரிவர்ஸ் பழக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

சக் இறுகியிருக்கும்போது அது எவ்வளவு விசைக்கு விடும் என்று யாருக்கும் தெரியாது. மோட்டார் தட்டியதும் விடலாம், மூன்றாவது தட்டில் விடலாம். விட்ட நொடியில் மோட்டார் நிற்காது. சக்கைக் கட்டை பிடித்திருக்கிறது, ஸ்பிண்டில் உள்ளே பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மூக்கில் எட்டு மரை பிடித்திருந்தால் எட்டுச் சுற்றில் சக் கையோடு வந்துவிடும். நிமிடத்துக்கு 60 சுற்று என்ற மெதுவான வேகத்தில்கூட அது எட்டே விநாடி. பெல்ட்டை வேறு படியில் விட்டு வைத்திருந்தால் இன்னும் குறைவு. கட்டை நழுவினால் அது எந்தப் பக்கம் தெறிக்கும் என்பதும் தெரியாது. எட்டு இஞ்ச் த்ரீ ஜா சுமார் 15 கிலோ இருக்கும். பன்னிரண்டு இஞ்ச் ஃபோர் ஜா 35, 40 கிலோ. அது பெட்டின் (லேத்தின் நீளமான அடிப்பகுதியின்) மேல் விழுந்தால், டூல் நகரும் வழியில் பள்ளம் விழும். இடையில் விரல் இருந்தால் விரல் போகும்.

கட்டை யோசனை நல்லதுதான், அதை ஓட்டும் சக்தியை மட்டும் மாற்றுங்கள். நான் சொல்லிக்கொடுக்கும் முறை இது.

முதலில் மெயினை இறக்குங்கள். லேத்தின் லீவரை நடுவில் வைத்தால் போதாது. சுவரில் இருக்கும் மெயின் சுவிட்சை இறக்கி, ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்கி உங்கள் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு பெட்டின் குறுக்கே தடித்த பலகை. எதையும் தளர்த்துவதற்கு முன்பே பலகை கீழே இருக்க வேண்டும்.

அப்புறம் சக்கின் ஒரு ஜாவை வெளியே நீட்டி, அது உங்களுக்கு எதிர்ப்பக்கம், அதாவது பின்பக்கம் படுத்திருக்கும்படி திருப்புங்கள். அந்த ஜாவுக்கும் பெட்டின் பின்வழிக்கும் நடுவில் நல்ல கெட்டிக் கட்டையை நிறுத்துங்கள். ஸ்பிண்டில் பின்னோக்கிச் சுற்றும்போது சக்கின் பின்பக்கம் கீழே இறங்கும், கட்டையில் முட்டி நிற்கும். பெல்ட்டைக் குறைந்த வேகப் படியில் போட்டு, புல்லியைக் கையால் பின்னோக்கி வெடுக்கென்று இழுங்கள். கொஞ்சம் திருப்பி விட்டு மறுபடி இழுங்கள். கையின் வேகமும் ஸ்பிண்டிலின் எடையுமே பெரும்பாலும் போதும். விட்டதும் நீங்களும் நின்றுவிடுவீர்கள், மோட்டார் அப்படி நிற்காது.

மசியவில்லை என்றால் மரையின் பின்பக்கம் டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். கேஸ் டார்ச் வைத்துச் சூடு காட்ட வேண்டாம். சக்கின் உடம்பு வார்ப்பு, ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் விரிசல் விடும். பின்னால் பேரிங் வேறு இருக்கிறது.

கோட்டையூர்_ஃபிட்டர்

மேடம் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கலாம். முக்கால் இஞ்ச் ஹெக்ஸ் ராடு ஒண்ணை த்ரீ ஜாவுல நல்லா இறுக்கிப் பிடிச்சுட்டு, அதுல கார் வொர்க்‌ஷாப் இம்பாக்ட் கன் வச்சு இடதுபக்கம் அடிச்சா, ஸ்பிண்டிலைப் பூட்டவே வேணாம். சின்னச் சின்ன அடியா விழறதால சக் தானா விடும். நான் நாலைஞ்சு பட்டறையில இப்படிக் கழட்டிக் கொடுத்திருக்கேன். லேசா லூஸ் ஆனதும் கன்னை நிறுத்திடணும், மீதி கையாலதான்.

ஜாவுல மட்டும் சம்மட்டி வைக்காதீங்க. ஜா தப்பிச்சாலும் உள்ள ஜாவை நகர்த்துற ஸ்க்ரோல் மரை உதிரும், அப்புறம் அந்த சக் ட்ரூவா, நடு தப்பாம பிடிக்கவே பிடிக்காது.

தேவகோட்டை_மேஸ்திரி

மேடம், எட்டுச் சுற்று, எட்டு விநாடிங்கற கணக்கை நான் இப்படி யோசிச்சுப் பார்த்ததில்லை. நியாயமாத்தான் இருக்கு. கையால இழுக்கிற முறையை நானும் பண்ணியிருக்கேன், பெரிய சக்குக்கு வலு பத்தாதுன்னு நினைச்சேன். ஊறவிட்டுப் பண்ணினா வரும்.

புதுவயல்_லேத்

ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். இந்த வாரம் எங்க பக்கம் மாதாந்திரப் பராமரிப்புக்குன்னு காலையிலேர்ந்து கரண்ட் இருக்காது. அந்த நேரத்துல எப்படியும் வேலை ஓடாது. அப்பவே சக் வேலையை முடிச்சிடலாம்னு பார்க்கிறேன். கரண்டே இல்லாதப்ப மெயினை இறக்கணும்னு இல்லையே?

கோட்டையூர்_ஃபிட்டர்

அண்ணே, இறக்கணும். கரண்ட் இல்லாதப்பதான் கட்டாயம் இறக்கணும்!

உங்க லேத்துல ஃபார்வர்டு ரிவர்ஸ் எதுல போடுறீங்க? உருளையான கைப்பிடி வச்ச டிரம் சுவிட்சா? அப்படின்னா கவனமா கேளுங்க. பச்சை சிவப்பு பட்டன் வச்ச ஸ்டார்ட்டர்ல உள்ள ஒரு காயில் இருக்கும். கரண்ட் போனா அது விட்டுடும், கரண்ட் வந்தாலும் மறுபடி பட்டனை அமுக்கினாத்தான் மோட்டார் ஓடும். டிரம் சுவிட்சுல அந்த வேலை கிடையாது. ஃபார்வர்டுல இருக்கும்போது கரண்ட் போச்சு, யாரும் அதை நடுவுல தள்ளலைன்னா, கரண்ட் வந்த அடுத்த நொடி லேத் தானா ஓடும். சக்குல சாவி மாட்டியிருக்கலாம், உங்க தலை சக்குக்கு நேரா இருக்கலாம். அறிவிச்ச நேரத்துக்கு முன்னாடியே கரண்ட் வர்றதும் நம்ம ஊர்ல நடக்கிறதுதானே.

நான் போற பட்டறையில எல்லாம் கரண்ட் போனவுடனே முதல்ல சுவிட்சை நடுவுக்குத் தள்ளிட்டுத்தான் அடுத்த பேச்சு. உங்களுக்கு முடிஞ்சா டிரம் சுவிட்சுக்கு முன்னாடி ஒரு டிஓஎல் ஸ்டார்ட்டர், அதான் நான் சொன்ன காயில் வச்ச பட்டன் ஸ்டார்ட்டர், போட்டுக்குங்க. ரெண்டும் சேர்ந்து ஓடும், பெரிய செலவில்லை. நான் இதைச் சொல்லாத பட்டறையே கிடையாது, கேட்டுப் போட்டவங்க குறைவு. நீங்களாவது போடுங்க.

ஐடிஐ_டர்னர்_பயிற்றுநர்

இந்த இழையிலேயே முக்கியமான பதிவு இதுதான். கரண்ட் இல்லாத நேரத்தில் சக் மாற்றுவது தவறில்லை. ஆனால் "கரண்ட் இல்லை" என்பதை மெயினை இறக்கியதற்குச் சமமாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃப்யூஸ் உங்கள் பாக்கெட்டில் இருந்தால் மட்டுமே அந்த மிஷின் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

பள்ளத்தூர்_மரவேலை

லேத் வேலை எனக்குத் தெரியாது, மர வேலைதான். ஆனா எங்க தெருவுல இருக்கிற பட்டறைக்கு சக் தாங்கும் கட்டை செஞ்சு கொடுத்திருக்கேன், அதனால எழுதுறேன்.

வெறும் பலகையைவிட, சக்கோட வட்டத்துக்கு ஏத்தாப்புல மேல வளைவு வெட்டின கட்டைதான் நல்லது. அடியில பெட்டோட V வழி உட்கார ஒரு பள்ளம் எடுக்கணும், அப்பத்தான் கட்டை குறுக்கே நழுவாது. அளவு ரொம்பச் சுலபம். பெட்டிலேர்ந்து ஸ்பிண்டில் நடு எவ்வளவு உயரம்னு அளங்க. அதுல சக்கோட பாதி விட்டத்தைக் கழிச்சா, வளைவோட அடியில மிச்சம் இருக்க வேண்டிய மரத்தோட கனம் வந்துடும். அந்தப் பட்டறை லேத்துல நடு உயரம் 165 மி.மீ. 200 மி.மீ. சக்குக்கு 65 மி.மீ. மரம் நிக்கும். 300 மி.மீ. சக்குக்கு வெறும் 15 மி.மீ.தான் நிக்கும், அதனால அதுக்கு ரெண்டு பக்கமும் அகலமா விட்டு வெட்டணும், இல்லைன்னா நடுவுல பிளந்துடும்.

மரத்துக்கு நம்ம பக்கம் பஞ்சமே இல்லை. பழைய வீடு பிரிக்கிற இடத்துல பர்மா தேக்கு உத்தரத் துண்டு கிடைக்கும். நீளம் பத்தாத துண்டை யாரும் வாங்க மாட்டாங்க, விலை இறங்கியே கொடுப்பாங்க. ஆணி இருக்கான்னு பார்த்துட்டு வாங்குங்க. காய்ஞ்சு செட்டான மரம், எண்ணெய் பட்டாலும் முறுக்காது.

புதுவயல்_லேத்

> 165 மி.மீ., 200 மி.மீ. சக்குக்கு 65 மி.மீ.

என் லேத்துல நடு உயரம் கிட்டத்தட்ட இதேதான்! ரெண்டு சக்குக்கும் ரெண்டு கட்டை வெட்டிக்கிறேன். மரை சக்கை அந்தக் கட்டையில வச்சுட்டு எப்படி ஏத்துறது? சக்கையே சுத்தணுமே?

தேவகோட்டை_மேஸ்திரி

சக்கைச் சுத்த வேணாம் தம்பி. சக் கட்டையில சும்மா உட்கார்ந்திருக்கட்டும். புல்லியைக் கையால சுத்தினா ஸ்பிண்டில் உள்ள நுழையும். கட்டையை ஒரு மி.மீ. தாழ்வா வெட்டி, மேல லேசா கிரீஸ் தடவிட்டா சக் தானா நடுவுக்கு வரும். கழட்டுறப்பவும் அதே மாதிரி, ஸ்பிண்டிலைப் பின்னால சுத்தி வெளியே எடு.

தனியா வேலை பார்க்கிற நாள்ல இன்னொரு காப்பும் வச்சுக்க. ஸ்பிண்டில் ஓட்டைக்குள்ள கிட்டத்தட்ட இறுக்கமா போற ராடு ஒண்ணை சக்குல பிடிச்சு, ஓரடிக்கு மேல உள்ள நீட்டி விடு. சக் மரையை விட்டு வந்தாலும் ராடு மேலதான் தொங்கும், பெட்டுல விழாது.

ஏத்துறதுக்கு முன்னாடி மரையைத் துடைக்கிறதுல சோம்பல் படாத. ரெண்டு பக்க மரையிலயும், பின்னால தோள் உட்கார்ற முகத்துலயும் ஒரு சின்னச் சிப்ஸ் (இரும்புச் சீவல்) இருந்தாக்கூட சக் நடு தப்பி அவுட் அடிக்கும். அவுட் அடிக்குதுன்னு சக்கைக் குறை சொல்லுவாக, பார்த்தா முகத்துல தூசி. விரலால தடவிப் பாரு, பிசிறு இருந்தா மெல்லிய அரத்தால மட்டும் எடு. ஒரு சொட்டு எண்ணெய் போதும். சிலபேர் அடுத்த தடவை சுலபமா கழலட்டும்னு நடுவுல காகித வாஷர் வைப்பாக. வேண்டாம், முகத்தோட முகம் சேர்ந்தாத்தான் ட்ரூ.

கண்டனூர்_வொர்க்‌ஷாப்

எங்களுடையது கேம்லாக் லேத், டி1-6. மரை இல்லை, சக்கின் பின்புறப் பின்களை ஸ்பிண்டிலில் உள்ள கேம்களைத் திருகிப் பூட்டும் வகை. அதனால் ரிவர்ஸில் ஓட்டினாலும் சக் கழலாது என்று தெரியும். கேம்லாக்கில் வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா? இரண்டாவது கேள்வி: எங்களுக்கு சிங்கிள் பேஸ்தான், அதனால் டிரைவ் (சிங்கிள் பேஸை மூன்று பேஸாக மாற்றும் மின்னணுப் பெட்டி) போட்டு மூன்று பேஸ் மோட்டாரை ஓட்டுகிறோம். புதுவயல் அண்ணன் மாதிரி மரை ஸ்பிண்டில் வைத்திருக்கும் நண்பர் ஒருவரும் இதேபோல் டிரைவ் போடப் போகிறார். அவர் எதைக் கவனிக்க வேண்டும்?

ஐடிஐ_டர்னர்_பயிற்றுநர்

கேம்லாக்கில் ரிவர்ஸ் பயம் இல்லை என்பது உண்மை. ஆனால் அதற்கென்று ஒரு ஆபத்து உண்டு. ஸ்பிண்டில் மூக்கின் கூம்பான டேப்பர் சக்கைப் பிடித்து வைத்திருக்கும். ஆறு கேமையும் தளர்த்திய பிறகும் சக் அப்படியே நிற்கும், ஒன்றும் ஆகவில்லை என்று கையை வைத்து ஆட்டுவீர்கள், அப்போது திடீரென்று விடும். அதனால் கடைசிக் கேமைத் தளர்த்தும் முன்பே கட்டை அடியில் இருக்க வேண்டும். ரப்பர் சுத்தியாலோ மரச் சுத்தியாலோ பின்பக்கம் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டுங்கள். விரல்களை சக்குக்கும் ஸ்பிண்டில் முகத்துக்கும் நடுவில் எப்போதும் கொண்டுபோகாதீர்கள்.

மாட்டும்போது கேமில் இருக்கும் கோட்டைப் பாருங்கள். தளர்ந்த நிலையில் அது மேலே இருக்கும் குறியோடு சேரும். இறுக்கியதும் கடிகாரத்தில் 3 மணிக்கும் 6 மணிக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒவ்வொரு கேமாக முழுசாக இறுக்கிவிடாமல், சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு கேம் 6 மணியைத் தாண்டிப் போனால் அந்தப் பின் அதிகம் நீட்டியிருக்கிறது, பக்கத்து ஸ்க்ரூவை எடுத்துவிட்டுப் பின்னை ஒரு முழுச் சுற்று உள்ளே விடுங்கள். 3 மணிக்கு முன்பே நின்றால் ஒரு சுற்று வெளியே எடுங்கள். வேறு லேத்திலிருந்து வந்த சக் என்றால் இதைப் பார்க்காமல் ஓட்டவே கூடாது. சரியாக உட்கார்ந்ததும் சக்கிலும் ஸ்பிண்டிலிலும் ஒரு பொதுக்குறி போட்டு வையுங்கள், அடுத்த முறை அதே இடத்தில் மாட்டலாம்.

உங்கள் நண்பரிடம் அவசியம் சொல்லுங்கள்: மரை ஸ்பிண்டிலில் ரிவர்ஸ் மட்டும் ஆபத்தில்லை, சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. ஸ்பிண்டில் நின்றுவிடும், கனமான சக் சுற்ற ஆசைப்பட்டு மரையிலிருந்து கழலும். டிரைவில் நிற்க எடுக்கும் நேரத்தைக் குறைவாக வைத்தால் இதுதான் நடக்கும். நேரத்தை நீட்டி வைக்கச் சொல்லுங்கள், அல்லது தானாக ஓடி நிற்கும்படி விடச் சொல்லுங்கள். ரிவர்ஸை டிரைவிலேயே பூட்டிவிடலாம். டிரைவின் ஸ்டாப் பட்டனை நம்பி சக்கில் கை வைக்கக் கூடாது, மெயின்தான். மெயினை இறக்கிய பிறகும் டிரைவுக்குள் சில நிமிடம் மின்சாரம் தேங்கி இருக்கும், உடனே மூடியைத் திறக்க வேண்டாம்.

கோட்டையூர்_ஃபிட்டர்

உடுப்பைப் பத்தி யாரும் பேசல. நம்ம பக்கம் கையில சாமிக் கயிறு இல்லாத ஆள் குறைவு. கயிறு அறுந்துடும்னு நினைக்காதீங்க, நாலு இழை முறுக்கின கயிறு மணிக்கட்டையே இழுத்துட்டுப் போகும். மோதிரம், காப்பு, கழுத்துல தொங்குற துண்டு, கைலி எல்லாமே கழட்டி வச்சுட்டு வர்ற சாமான்தான். கையுறை சக் தூக்கும்போது மட்டும் போடலாம், மெயினைப் போடறதுக்கு முன்னாடி கழட்டிடணும். கயிறைக் கழட்ட மனசில்லாதவங்க கையில கட்டாம முழங்கைக்கு மேல சட்டைக்குள்ள கட்டிக்கிறாங்க, அது பரவாயில்லை.

ஐடிஐ_டர்னர்_பயிற்றுநர்

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, ஓடும் இயந்திரத்தின் அருகில் சோதனை, எண்ணெய் விடுதல் போன்ற வேலை பார்ப்பவர் உடலோடு ஒட்டிய உடை அணிய வேண்டும், அதை நிர்வாகமே தர வேண்டும் என்று எழுதியது. 34-ஆம் பிரிவு, காயம் ஏற்படுத்தும் அளவு கனத்தை ஒருவரைத் தூக்க வைக்கக் கூடாது என்றது. நம் சின்னப் பட்டறைகள் பெரும்பாலும் அந்தச் சட்ட வரம்புக்குள் வந்ததில்லை. ஆனால் 40 கிலோ சக் எந்தப் பட்டறையிலும் 40 கிலோதான். உத்தரத்தில் ஒரு செயின் பிளாக், ஒரு நல்ல பெல்ட். பழகும் பிள்ளைகளை வைத்திருக்கும் பட்டறைக்கு இது ஆடம்பரம் இல்லை.

புதுவயல்_லேத்

கையால இழுத்தே த்ரீ ஜா வந்துடுச்சு! ரெண்டு ராத்திரி டீசல் ஊற விட்டேன், பின்பக்கம் கட்டை, பெல்ட்டைப் பிடிச்சு இழுத்தேன். கட்டையில அழகா வந்து உட்கார்ந்தது. பையன் தள்ளி நின்னு பார்த்தான், அடுத்த தடவை அவனே புல்லி இழுக்கணும்னு சொல்லியிருக்கேன்.

இப்ப பிரச்சினை வேற. ஃபோர் ஜா ரெண்டு சுத்து ஏறுது, அப்புறம் இறுகுது. எண்ணெய் விட்டு, ஸ்பேனர் போட்டுத் திருகினா போயிடுமா?

தேவகோட்டை_மேஸ்திரி

திருகாத! ரெண்டு சுத்துல நின்னா மரை வேற. மரை இடைவெளி அளக்கிற பிட்ச் கேஜ் வச்சு ரெண்டையும் பாரு.

புதுவயல்_லேத்

பார்த்தேன் ஐயா. ஸ்பிண்டில் 2 இஞ்ச், இஞ்சுக்கு 6 மரை. ஃபோர் ஜாவோட பேக் பிளேட்டுல (பின்னால மரை இருக்கிற தட்டுல) 8 மரை. வேற மிஷினோட சக் போல.

தேவகோட்டை_மேஸ்திரி

அப்ப சக்கை விட்டுடு, பேக் பிளேட்டை மட்டும் புதுசா செய். வார்ப்பு பிளாங்க் (இன்னும் கடையாத தட்டு) வாங்கிக்க. முதல்ல உன் ஸ்பிண்டில் மூக்கு மாதிரியே ஒரு பிளக் கடைஞ்சு மரை போடு. மரை மட்டுமில்ல, மரைக்குப் பின்னால இருக்கிற வழவழப்பான பகுதியோட விட்டமும் அச்சா அதே இருக்கணும். சக்கை நடுவுல நிறுத்துறது அந்தப் பகுதியும் தோளும்தான், மரை இழுத்துப் பிடிக்க மட்டும். பிளாங்கை த்ரீ ஜாவுல பிடிச்சு உள்மரை போடுறப்ப அந்தப் பிளக்கை வச்சு வச்சுப் பார். அப்பத்தான் ஒவ்வொரு தடவையும் சக்கைக் கழட்டிச் சோதிக்க வேண்டியிருக்காது.

மரை சேர்ந்ததும் த்ரீ ஜாவை எடுத்துட்டு, பிளேட்டை ஸ்பிண்டில்லயே ஏத்தி, முகத்தையும் சக் உட்கார்ற படியையும் அங்கயே வச்சு கடை. அப்படிக் கடைஞ்சாத்தான் அது உன் லேத்துக்கு ட்ரூ. படி சக்கோட பள்ளத்துக்குள்ள கையால தள்ளினா போற அளவுக்கு இருக்கட்டும், போல்ட்டை எதிரெதிரா மாத்தி மாத்தி இறுக்கு. முதல் தடவை ஓட்டுறதுக்கு முன்னாடி சக்கை ஒரு முழுச் சுத்து கையால சுத்திப் பாரு, ஜா சேடில்லயோ டூல் போஸ்ட்லயோ இடிக்குதான்னு. சாவி கையில இருக்கான்னு பாரு. குறைஞ்ச வேகத்துல போட்டுட்டு, சக்குக்கு நேரா நிக்காம பக்கவாட்டுல நில்லு. பேரிங் ஹவுசிங் ஒரு பக்கம் கனமா இருக்கும், அதிரும். சக் முகத்துல குத்தியிருக்கிற வேகத்துக்குக் கிட்டகூடப் போகாத.

பிளக்குக்கு 60 மி.மீ. ராடு துண்டு என்கிட்ட இருக்கு. தேவகோட்டைப் பக்கம் வந்தா எடுத்துக்க.